பேணுதலும் படைத்தலும்

ஒன்றைப் புதிதாக ஆக்குபவனை உலகம் போற்றுகின்றது. ஆக்கப்பட்டதை அழியாது காப்பவனை அது பெரும்பாலும் அறிவதேயில்லை. கோயிலைக் கட்டுவித்தவனின் பெயர் கல்லிற் பொறிக்கப்படுகின்றது. அதன் தளத்தில் முளைத்த ஆலங்கன்றை ஆண்டுதோறும் பிடுங்கியெறிந்தவனின் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. இவ்வேறுபாடு நியாயமானதா? பேணுதல் என்பது படைத்தலுக்குத் தாழ்ந்த தொழிலா, அன்றி அதற்கெனத் தனியான அறப்பெறுமதி உண்டா? உண்டெனின் அதன் எல்லை யாது? இவ்வினாக்களைப் பாய்க்கப்பல் வாழ்க்கையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாய்க்கப்பலைத் தேர்ந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. தரையிலுள்ள வீட்டின் கூரை ஒழுகினால் கீழே ஒரு சட்டியை வைத்துவிட்டு உறங்கலாம். கப்பலின் அடி ஒழுகினால் அவ்வாறு உறங்க முடியாது. கப்பலில் வாழ்பவனுக்கு வாழ்தலும் பழுதுபார்த்தலும் ஒன்றே. நாள்தோறும் உள்ளூறிய நீரை இறைக்க வேண்டும். கப்பிகளினூடாக ஓடும் கயிறு ஒரே இடத்தில் உராய்ந்து தேயாதவாறு அதனைச் சிறிது நகர்த்திக் கட்ட வேண்டும். பாயின் துணிக்கு முன்னரே அதன் தையல் நூல் வெயிலில் இற்றுப்போகின்றமையால் ஊசியும் நூலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மேல்தளத்தைக் கடல்நீரால் கழுவ வேண்டும். உப்புநீர் மரத்தைக் கெடுக்கும் என்றே நாம் எண்ணுவோம். ஆயினும் மரத்தை உக்கச் செய்யும் பூஞ்சணங்கள் வளர்வது மழைநீர் தேங்கும் இடத்திலேயே ஆகும். உப்பு அவற்றைத் தடுக்கின்றது. எனவே நாம் குடித்து உயிர்வாழும் நன்னீரே தளத்துக்குப் பகையாகின்றது. ஒன்றைப் பேண வேண்டுமெனின் முதலில் அதனை அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இஃது ஓர் எளிய சான்று.

இவ்வாழ்க்கையைத் தனியொருவராக வாழ்ந்து காட்டியவர்களுள் ஜோஷுவா ஸ்லோகம் முதன்மையானவர். 1895 ஏப்ரில் மாதம் பொஸ்டன் துறைமுகத்திலிருந்து 'ஸ்பிறே' என்ற சிறு பாய்க்கப்பலிற் புறப்பட்ட அவர், 1898 ஜூன் மாதம் உலகைச் சுற்றி மீண்டார். தனியாகப் பாய்க்கப்பலில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே. அவர் சென்ற தூரம் ஏறத்தாழ 46,000 மைல்களாகும். ஆயின் அப்பயணத்தின் உண்மையான தொடக்கம் கடலிலன்று, ஒரு புல்வெளியிலேயே நிகழ்ந்தது. அவருக்குக் கிடைத்த 'ஸ்பிறே' புல்வெளியொன்றிற் கைவிடப்பட்டுக் கிடந்த பழங்கலம். அயலில் நின்ற வெள்ளை ஓக் மரங்களைத் தறித்து, உக்கிய ஒவ்வோர் உறுப்புக்கும் பதிலாகப் புதிய உறுப்பை இணைத்து, பதின்மூன்று மாதங்கள் உழைத்து அதனை அவர் மீட்டெடுத்தார். செலவான பணம் 553 டொலரும் 62 சதமும் எனத் தமது நூலிற் கணக்குக் காட்டியுள்ளார். பழைய கலம் எப்போது முடிந்து புதிய கலம் எப்போது தொடங்கிற்று என்று சொல்வதற்கியலாதவாறு அம்மாற்றம் படிப்படியாக நிகழ்ந்தது என்பதையும் அவரே குறிப்பிடுகின்றார். உலகைச் சுற்றிய அம்மாலுமி துல்லியமான கடற்கடிகாரத்தைப் பழுதுபார்க்கப் பணம் போதாமையால் முகக்கண்ணாடி உடைந்த மலிவான தகரக் கடிகாரமொன்றுடன் சென்றார் என்பதும், அது நின்றுபோனபோது கொதிநீரில் இட்டு மீண்டும் ஓடச்செய்தார் என்பதும் நம்மை முறுவலிக்கச் செய்பவை. எனினும் பேணுதலின் இயல்பு அதிற் புலனாகின்றது. உள்ளதை வைத்துக்கொண்டு உரியதைச் செய்தலே அவ்வியல்பு.

அயல்நாட்டுச் சான்றுடன் நாம் நின்றுவிட வேண்டியதில்லை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கித் தம் துணைவியின் பெயரைச் சூட்டினார். அக்கப்பல் சுயஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து 1938 ஓகஸ்ட் மாதம் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதனைச் செலுத்திச் சென்றவர்களுள் வல்வெட்டித்துறை மாலுமிகளும் இருந்தனர். நாம் இதனைக் கப்பல் கட்டும் திறனுக்குச் சான்றாகவே மேடைகளில் எடுத்துரைக்கின்றோம். அது தவறன்று. ஆயினும் கட்டியவரின் கைத்திறன் கப்பலைக் கடலில் இறக்கும் நாள்வரைக்கும் போதுமானது. அதன்பின் மாதக்கணக்கில் அதனை மிதக்க வைத்தது, தளம் கழுவி, நீர் இறைத்து, பாய் தைத்து, பலகை இடுக்குகளிற் பஞ்சும் பிசினும் அடைத்து நின்ற கைகளே. மரக்கப்பலில் இவ்வேலைகள் ஒருநாளும் ஓய்வதில்லை. இரண்டாவது கைத்திறனைப் பற்றி நாம் மேடையிற் பேசுவதில்லை.

இனி எம்மூருக்கு வருவோம். கண்டாவளை, ஆனையிறவுக் கடனீரேரியின் தென்புறத்தே அமைந்தது. இரணைமடுவிலிருந்து வரும் கனகராயன் ஆறு அக்கடனீரேரியிலேயே கலக்கின்றது. ஒருபுறம் வயலும் மறுபுறம் உவர்நீரும் உள்ள நிலம் இது. கோடையில் ஏரியின் பெரும்பகுதி வற்றி வெண்மணலும் உப்புப் படிவுமாகக் காட்சியளிக்கும். மாரியில் நிறைந்து இறாலும் மீனும் தரும். என் பெரியப்பாவிடம் ஒரு பலகை வள்ளம் இருந்தது. வயல் வேலை ஓய்ந்த காலத்தில் அதுவே அவருக்குச் சீவனோபாயம். கோடையிற் கரையேற்றப்பட்ட வள்ளத்தின் பலகைகள் வெயிலிற் சுருங்கி, இடுக்குகள் விரல்நுனி நுழையுமளவுக்கு விரியும். மாரி தொடங்குமுன் அவர் இடுக்குகளில் தும்பைத் திணித்துக் குங்கிலியக் கலவையால் அடைப்பார். பின்னர் வள்ளத்தை ஆழமில்லாத நீரில் அமிழ்த்திவைப்பார். நீரை உறிஞ்சிய பலகைகள் பருத்து ஒன்றையொன்று நெருக்கி மீதி இடைவெளியைத் தாமாகவே மூடிக்கொள்ளும். சிறுவனாயிருந்தபோது, நல்ல வள்ளமெனின் ஏன் ஒழுகுகின்றது என்று அவரிடம் கேட்டேன். "தண்ணி எடுக்காத வள்ளம் எங்கை இருக்குது, தம்பி? எடுத்த தண்ணியை இறைக்காமல் விட்டால்தான் பிழை" என்றார்.

அவ்விடையில் ஒரு தத்துவம் பொதிந்துள்ளதென்பதைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே உணர்ந்தேன். பழுதுறுதல் பொருளின் குற்றமன்று. அது காலத்துள் இருக்கும் எப்பொருளுக்கும் உள்ள இயல்பு. எனவே பேணுதல் என்பது எப்போதாவது நேரும் தவறைத் திருத்தும் செயலன்று. இருத்தலின் ஒரு பகுதியே அது.

இவ்விடத்து ஒரு பழைய வினா எழுகின்றது. மாற்றிய பலகைகள் மிகுந்தால் வள்ளம் அதே வள்ளமா? கிரேக்க வீரன் தீசியசின் கப்பலை அதென்ஸ் நகரத்தார் உக்கிய பலகைகளை மாற்றி மாற்றிப் பேணினர் என்றும், அது பழைய கப்பலா புதியதா என்பது மெய்யியலாளரிடையே விவாதப் பொருளாயிற்று என்றும் புளூட்டாக் எழுதினார். பதினேழாம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் இதனை மேலும் சிக்கலாக்கினார். கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து அதே ஒழுங்கில் மீண்டும் பொருத்தினால், இரண்டில் எது தீசியசின் கப்பல் என்பது அவர் எழுப்பிய வினா. பௌத்த மரபில் மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் தேரை எடுத்துக்காட்டி விளக்கினார். சில்லும் அச்சும் நுகமும் தனித்தனியே தேரல்ல; அவை கூடியிருக்கும் நிலைக்கு நாம் வழங்கும் பெயரே தேர் என்பது அவர் கருத்து.

எமது சூழலில் இவ்வினாவுக்கு வழக்காறு சார்ந்த விடையொன்றுண்டு. பழுதுற்ற கோயிலைப் புதுக்குமுன் பாலஸ்தாபனம் செய்கின்றனர். மூர்த்தியின் சாந்நித்தியத்தைத் தற்காலிகமான சிற்றிடமொன்றில் எழுந்தருளச் செய்து, திருப்பணி முடிந்தபின் குடமுழுக்காட்டி மீண்டும் மூலத்தானத்திற்குக் கொண்டுசெல்கின்றனர். சுவர் மாறியிருக்கும்; விமானம் மாறியிருக்கும். எனினும் அது வேறு கோயில் என்று எந்த அடியவரும் கூறுவதில்லை. ஏனெனின் பூசை இடையறவில்லை. ஒரு பொருளின் அடையாளம் அதன் மூலப்பொருளில் மாத்திரம் தங்கியதன்று. அதனோடு மனிதர் கொண்டுள்ள இடையறாத உறவிலும் தங்கியுள்ளது என்பது இதனாற் பெறப்படும். இவ்வாறு நோக்கின் ஹொப்சின் வினாவுக்கும் விடை கிட்டுகின்றது. பழைய பலகைகளைச் சேர்த்துப் பொருத்தியவனிடம் இருப்பது நினைவுச்சின்னம். பயணம் செய்துகொண்டிருக்கும் மற்றையதே கப்பல்.

அவ்வாறாயின் அடையாளத்தையே நிலைநிறுத்தும் இவ்வுழைப்பை உலகம் ஏன் தாழ்வாகக் கருதுகின்றது? ஹன்னா அரெண்ட் 1958-இல் வெளியிட்ட 'மனித நிலைமை' பற்றிய நூலில் உழைப்பையும் ஆக்கத்தையும் வேறுபடுத்துகின்றார். சமைத்தல், கழுவுதல் போன்ற உழைப்பு உயிர்வாழ்வின் சுழற்சியோடு பிணைந்தது. செய்து முடித்த மறுகணமே அதன் பயன் நுகரப்பட்டு மறைகின்றது. மேசையையோ கட்டடத்தையோ ஆக்குதல் நிலைத்த பொருளொன்றை உலகுக்கு அளிக்கின்றது. அழிவுக்கெதிராக உலகை நாள்தோறும் காக்கும் வேலையும் உழைப்பின்பாற்பட்டதே என்று கூறும் அவர், தொழுவத்தைக் கழுவிய ஹெர்குலிசின் செயலையும் நினைவூட்டுகின்றார். அது வீரச்செயலாகக் கருதப்பட்டமைக்குக் காரணம் ஒருமுறை செய்ததோடு அது முடிந்துவிட்டமையே. மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே தொழுவத்தைக் கழுவியிருந்தால் எவரும் அவரைப் பாடியிருக்கமாட்டார்கள்.

இக்கூற்று கூர்மையானது, ஆயினும் முழுமையானதன்று. பேணுதலின் பயன் ஒரு பொருளாகக் கண்முன் நிற்பதில்லை என்பது உண்மை. அது நிகழாமற்போன தீங்காகவே இருக்கின்றது. மூழ்காத கப்பலைக் கண்டு எவரும் வியப்பதில்லை. இதனாலேயே பேணுபவன் கண்ணுக்குப் புலப்படாதவனாகின்றான். ஆனால் புலப்படாமை பயனின்மை ஆகாது. 2018 டிசெம்பர் மாதப் பிற்பகுதியிற் பெருமழை பெய்து இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, ஆற்றின் கீழ்ப்புறத்தேயுள்ள கண்டாவளைப் பிரதேசம் வெள்ளத்தில் அமிழ்ந்தது. அன்று பெரியப்பாவின் வள்ளம் வயல்வெளியிலும் ஒழுங்கையிலும் ஓடிற்று. முதியோரும் குழந்தைகளும் அதில் ஏறிப் பாடசாலைக் கட்டடத்தை அடைந்தனர். ஊரார் அவரது துணிவைப் புகழ்ந்தனர். அத்துணிவு புகழத்தக்கதே. ஆனால் ஐப்பசி மாதத்து வெயிலில் ஒருவரும் பாராத வேளையில் அவர் இடுக்குகளில் தும்பு அடைத்திராவிடின் அன்றிரவு அத்துணிவாற் பயனேதும் விளைந்திராது. வீரம் ஒருநாட் செயல். அதனைச் சாத்தியமாக்குவது பலநாட் கடமை.

பேணுதலின் பெருமையை இவ்வாறு நிலைநாட்டியதோடு முடித்துக்கொண்டால் கட்டுரை இனிமையாக முடியும், நேர்மையாக முடியாது. எஞ்சியுள்ள இரு வினாக்களுள் முதலாவது, இவ்வேலையை யார் செய்வது என்பதாகும். வள்ளத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய யான், பெரியம்மாவைப் பற்றி இதுவரை ஒரு சொல்லும் எழுதவில்லை என்பதை இவ்விடத்தை எழுதும்போதே உணர்ந்தேன். பெரியப்பா வள்ளத்துக்கு அடைப்பு வைத்தது ஆண்டுக்கு ஒருமுறை. பெரியம்மா உப்பேறிய உடைகளை அலசியதும், கிழிந்த வலைக்கண்களை விளக்கொளியில் முடிந்ததும், அடுப்படி மெழுகியதும், நீர் அள்ளியதும் அன்றாடம். என் நினைவில் முன்னையது கைத்தொழிலாகவும் பின்னையது வீட்டுவேலையாகவும் பதிந்திருக்கின்றது. பேணுதலை உலகம் மதிப்பதில்லை என்று குறைகூறிய யானே அதன் பெரும்பகுதியைக் காணத் தவறினேன். தனியாகக் கப்பலில் வாழ்ந்த ஸ்லோகம் தாமே சமைத்து, தாமே துவைத்து, தாமே தைத்தார். அங்கே இப்பாகுபாட்டுக்கு இடமிருக்கவில்லை. பலர் வாழும் கலத்தில் ஒருவர் மட்டும் நீரிறைக்க ஏனையோர் உறங்குவராயின், கலம் மிதக்கலாம். ஆனால் அங்கு நிலவுவது அறமன்று.

வன்னியின் குளங்களும் இதனையே உணர்த்துகின்றன. இலங்கையின் வறண்ட பிரதேசக் குளங்கள் ஒருகாலத்தில் இராசகாரியம் என்ற கட்டாய சேவை முறையினாற் பராமரிக்கப்பட்டன. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையையொட்டி 1832-இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பை ஒழித்தது நீதியே. எனினும் அதற்குப் பதிலாக வேறொரு பொது ஏற்பாடு செய்யப்படாமையால் குளக்கட்டுகள் கவனிப்பாரற்றுச் சிதைந்தன என்பது வரலாற்றறிஞர் பலரது கருத்து. 1856-இல் நீர்ப்பாசனச் சட்டமொன்றின் மூலம் கிராமக் கூட்டுப்பொறுப்பை மீண்டும் ஏற்படுத்த அரசு முற்பட்டமை இக்குறையை ஒப்புக்கொண்டமையைக் காட்டுகின்றது. சவுக்கினால் பேணப்படும் குளம் அநீதியின் மேல் நிற்கின்றது. எவரும் பேணாத குளம் நிற்பதேயில்லை. சமமாகப் பகிர்ந்துகொண்ட பொறுப்பே இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வழி.

இரண்டாவது வினா இதனினும் கடினமானது. எல்லாவற்றையும் பேணத்தான் வேண்டுமா? பழையதைத் திருத்தித் திருத்தி வைத்திருத்தலே அறமெனின், சாதியமைப்பையும் சீதனத்தையும் அவ்வாறே நம் முன்னோர் காலத்துக்கேற்பச் செப்பனிட்டுக் காத்து வந்தனர் என்பதை எங்ஙனம் கண்டிப்பது? ஓட்டையடைக்கும் கை சிலவேளை அநீதியின் ஓட்டைகளையும் அடைக்கின்றது. ஒட்டோ நொய்ராத் என்ற ஒஸ்திரிய மெய்யியலாளர் மனித அறிவை ஒரு கப்பலுக்கு ஒப்பிட்டார். நாம் நடுக்கடலில் நிற்கும் மாலுமிகள். துறையில் ஏற்றி முற்றாகப் பிரித்துக் கட்ட வழியில்லை. மிதந்தபடியே ஒவ்வொரு பலகையாக மாற்ற வேண்டும் என்பது அவர் உவமையின் பொருள். சமூகத்துக்கும் அது பொருந்தும். ஆயினும் அவ்வுவமை எந்தப் பலகையையும் மாற்றக்கூடாதென்று சொல்லவில்லை. மாற்றும்போது எதன்மேல் நின்று மாற்றுகின்றோம் என்பதை அறிந்திருக்குமாறே சொல்கின்றது.

எல்லையை எங்கு வகுப்பது என்பதற்கும் எனக்கு அவ்வள்ளத்திடமே விடை கிடைத்தது. 2009-இன் தொடக்கத்தில் எம்மவர் யாவரும் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது வள்ளம் கரையிலேயே கைவிடப்பட்டது. முகாம் வாழ்வு முடிந்து 2010-இல் மீண்டபோது வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை, கிணறு தூர்ந்திருந்தது, வள்ளம் மணலிற் பாதி புதையுண்டு பிளந்து கிடந்தது. புதிய கண்ணாடியிழைப் படகொன்றுக்கு வழி பார்க்குமாறு பலரும் கூறினர். பெரியப்பா அவ்வள்ளத்தையே தோண்டியெடுத்துப் பாதிக்கு மேற்பட்ட பலகைகளை மாற்றி மீட்டார். இழந்த பலவற்றுள் மீட்கக்கூடியதாக எஞ்சியது அஃதொன்றே. எட்டு ஆண்டுகளின் பின் வெள்ளத்தில் ஓடியதும் அதுவே. ஆயின் சில ஆண்டுகளுக்கு முன் அதன் ஏராவே உக்கிவிட்டதைக் கண்டபோது அவர் உளியை எடுக்கவில்லை. அம்முறை மீண்டும் திருத்துமாறு வற்புறுத்தியவன் யானே. வெள்ளத்தையும் பழைய நினைவுகளையும் எடுத்துக் கூறினேன். "இனித் திருத்தினால் அது வள்ளத்துக்காகத்தான், தம்பி. ஏறுற ஆக்களுக்காக இல்லை" என்று கூறி, நல்ல பலகைகளைக் கழற்றி மாட்டுக்கொட்டிலுக்குக் கொண்டுசென்றார்.

பேணுதலின் எல்லை அதுவே என்று கருதுகின்றேன். கலம் அதில் ஏறுவோருக்காக உள்ளது; ஏறுவோர் கலத்துக்காக இல்லை. ஒரு பொருளோ வழக்கமோ நிறுவனமோ அதனுள் வாழும் யாவரையும் தாங்குகின்றவரை அதற்குத் தும்பு அடைத்தல் கடமை. சிலரைத் தாங்குவதற்காக வேறு சிலரை நீரில் தள்ளுமாயின் அதன் பலகைகளைக் கழற்றுதலும் அதே கடமையின் மறுபக்கமே. இரண்டுக்கும் வேண்டியது ஒன்று: நாள்தோறும் அருகிருந்து உற்று நோக்கும் கண். இறைக்கத் தெரிந்தவனுக்கே இனி இறைத்துப் பயனில்லை என்பதும் தெரியும். தூரத்திலிருந்து புதுமையை மாத்திரம் புகழ்வோருக்கும், தூரத்திலிருந்து பழமையை மாத்திரம் போற்றுவோருக்கும் அக்கண் வாய்ப்பதில்லை.

எனவே படைத்தலும் பேணுதலும் உயர்வு தாழ்வுடைய இரு தொழில்களல்ல. ஒருவன் படைத்த கப்பலைப் பேணுகின்றவன் அதனை ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகப் படைத்துக்கொண்டேயிருக்கின்றான். பட்டம் பெற்று வெளியேறும் நாம் யாவரும் புதியன படைக்கும் கனவுடனேயே செல்கின்றோம். அக்கனவு வாழ்க. அத்துடன், நாம் வந்து ஏறிய கலத்தில் இதுவரை நீரிறைத்தவர்கள் யாவர் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பதும், இனி யாருடைய முறை என்று கேட்டுக்கொள்வதும் நம் கடன். பெரியம்மா இப்போதும் நாள்தோறும் விடியுமுன் எழுந்து முற்றம் கூட்டுகின்றார். விடுமுறைக்கு ஊர் சென்றபோது விளக்குமாற்றை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். முற்றம் மறுநாளும் குப்பையாயிற்று, மறுநாளும் கூட்டினேன்.